அமெரிக்கக் குடும்பத்துக்கு ஐந்து அருள்நிறை மந்திரங்கள்

கபிரியேல்: பெருமதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பஞ்சாயத்து மெம்பர் அவர்களே, வெள்ளமெனத் திரண்டிருக்கும் இறைமக்களே. இந்தப் பீர்மேட்டு மலை தோன்றிய நாள்முதல் இன்றுவரை நிகழாததும், இனி நிகழ வாய்ப்பே இல்லாததுமான ஒரு மாபெரும் அறிவிப்பை, எளியவனாகிய நான்…

செபாஸ்டின்: கைய எடுங்க அண்ணாச்சி. டேப் வச்சு அளக்கணும்.

கபிரியேல்: …எளியவனாகிய நான், நா தழுதழுக்க…

சிசிலி: மொதல்ல கைய எடுண்ணே. பொறவு தழுதழுக்கலாம்.

கபிரியேல்: ஒத்திகை பாக்கேன்ட்டி. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் கெடக்கு. இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தணும். கை தட்டுவாங்க.

செபாஸ்டின்: பன்னெண்டுக்குப் பதினாறு. கண்ணாடி இருக்கு. ஃபிரேம் பழசானாலும் தேக்கு, அதையே வச்சுக்கலாம். எப்படி உடைஞ்சுச்சு?

கபிரியேல்: இவளக் கேளு. என் கூடப் பொறந்தவ. அம்பத்தெட்டு வருசமா சுவத்துல இருந்த படம், ஒரு கீறல் கிடையாது. கோயில் ஜூபிலிக்குக் கொண்டுபோகணும்னு இறக்குதேன், ‘அண்ணே நான் பிடிக்கேன்’னு ஓடி வந்தா. பிடிச்சா. விட்டா.

சிசிலி: வழுக்கிருச்சு.

கபிரியேல்: நாப்பது வருசம் கொட்டுற மழையில தேயிலைக் கொழுந்து கிள்ளுன கை. அப்பல்லாம் வழுக்கலை.

செபாஸ்டின்: விடுங்க அண்ணாச்சி. படத்துல கீறல் விழலை, அதுவே பெருசு. யாரு இவங்க? சினிமாக்காரங்களா?

கபிரியேல்: சினிமாவா? பீர்மேட்டுல கடை போட்டுட்டு இவங்க யாருன்னு கேக்குறியே.

செபாஸ்டின்: நான் வந்து ரெண்டு வருசம்தான ஆச்சு. வளந்ததெல்லாம் கீழ கம்பத்துல.

கபிரியேல்: அப்பச் சரி. கேட்டுக்கோ. இதுதான் அமெரிக்கக் குடும்பம். அந்தக் காலத்துல பள்ளியில பால்பொடி குடுப்பாங்க, மக்காச்சோள மாவு குடுப்பாங்க. எஸ்டேட்டு லயத்துப் பிள்ளைங்க பூரா அதத் தின்னுதான் எலும்பு தேத்துனோம். அத அனுப்புன புண்ணியவாங்க இவங்க.

செபாஸ்டின்: இந்த நாலு பேருமா? மலை பூராவுக்கும்?

கபிரியேல்: …பெரிய மனசு.

சிசிலி: நாலு பேரும் ஒரு நாயும்.

செபாஸ்டின்: ஆமா, நாய் இருக்கு. ஏன் எல்லாரும் ஒரே பக்கமா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க?

கபிரியேல்: ஜெபம் பண்ணுதாங்க. நல்லாப் பாரு. அந்த அம்மா நெஞ்சுல கை வச்சிருக்கு. பொண்ணு ரெண்டு கையும் கோத்திருக்கு. பையன் வாயத் தொறந்து பாடுதான். ஐயா கோட்டும் டையும் போட்டு, தொப்பியக் கழட்டிக் கையில பிடிச்சிருக்காரு. ஆண்டவர் சன்னிதியில தொப்பி கூடாதுல்ல. முகத்துல எல்லாம் ஒரு வெளிச்சம் விழுதே, தெரியுதா?

செபாஸ்டின்: தெரியுது. இடப்பக்கம் இருந்து விழுது.

கபிரியேல்: பரலோக வெளிச்சம்.

சிசிலி: அம்மா சொன்னது.

கபிரியேல்: எங்கம்மா செபமாலையம்மாள். போன வருசம் இறந்துபோனா. அதுவரைக்கும் ஒரு சாயங்காலம் தவறுனதில்ல. ஜெபமாலை முடிச்சு, இவங்களுக்குன்னு தனியா அருள்நிறை மந்திரம், ஆளுக்கு ஒண்ணு. பேருகூட அவளே வச்சா. ஐயாவுக்கு யோசேப்பு, அம்மாவுக்கு றோசம்மா…

சிசிலி: மொத்தம் அஞ்சு மந்திரம்.

செபாஸ்டின்: நாலு பேருதான அக்கா…

சிசிலி: நாய்க்கு ஒண்ணு. அதுவும் முட்டிபோட்டுத்தான இருக்குன்னுட்டா.

செபாஸ்டின்: நாய்க்கு அருள்நிறை மந்திரமா? பங்கு அச்சன் ஒண்ணும் சொல்லலையா?

கபிரியேல்: அச்சனுக்கு அஞ்சுங்கிற கணக்குதான் தெரியும். யார் யாருக்குன்னு அவரு கேக்கலை.

செபாஸ்டின்: வீடும் அப்படித்தான் இருக்கு. மஞ்சச் சுவரு, செவப்புக் கட்டம் போட்ட திரை, தரையில முகம் பாக்கலாம் போல.

கபிரியேல்: அந்தக் காலம் இனி வராது தம்பி. என்ன ஒழுக்கம், என்ன சந்தோசம். ஆம்பளை வேலை முடிஞ்சு வந்தா சட்டையில ஒரு சுருக்கு இருக்காது. பொம்பளை அடுப்படியில நின்னாலும் குதி உசந்த செருப்போட நிப்பா. பிள்ளைங்களுக்குச் சீவுன தலை சீவுனபடி இருக்கும். இப்ப எங்க இருக்கு அதெல்லாம்?

சிசிலி: அப்ப எங்க இருந்துச்சு?

கபிரியேல்: அமெரிக்காவுல.

சிசிலி: நீ எப்பப் போன?

கபிரியேல்: போகணும்னு என்ன இருக்கு? அம்பத்தெட்டு வருசமா தினமும் பாக்கேன். போயிட்டு வந்த மாதிரிதான்.

சிசிலி: குமுளி தாண்டி மதுரைக்கு மூணு தடவ போயிருக்காரு. அதுல ரெண்டு தடவ பல்லு பிடுங்க.

செபாஸ்டின்: அதான் டையா அண்ணாச்சி? நம்ம கடைக்கு டை கட்டி வந்த மொத ஆள் நீங்கதான்.

சிசிலி: ஃபேக்டரியில இருந்து ரிட்டையர் ஆன அன்னைக்குக் கட்டுனது. அதோட வீடும் கட்டுனாரு. மஞ்சச் சுவரு. செவப்புக் கட்டம் போட்ட திரை. மதினி எல்லாத்துக்கும் சரின்னா, குதிச்செருப்பு மட்டும் மாட்டேன்னா.

கபிரியேல்: ஒரே ஒரு நாள் போட்டுப் பாருன்னு கேட்டேன்.

சிசிலி: போட்டா. நனைஞ்ச சிமெண்டுத் தரை. ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போடும்போது அவ சொன்னத இங்க சொல்ல முடியாது.

செபாஸ்டின்: உங்க மககூட அமெரிக்காவுலன்னு சொன்னாங்களே.

கபிரியேல்: சிஞ்சு. நர்ஸா இருக்கா.

செபாஸ்டின்: அவங்களைக் கேட்டா இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிச்சிரலாமே.

கபிரியேல்: அது வேற அமெரிக்கா.

சிசிலி: அவ வீட்டு அடுப்படிய ஃபோட்டோ எடுத்து அனுப்புனா. தொட்டி நெறைய எச்சிப் பாத்திரம். மாப்பிள்ளை அரைக்கால் டவுசரோட நின்னுக்கிட்டே தட்டுல இருந்து தின்னுறாரு. பிள்ளைங்க ஆளுக்கொரு ஃபோன். ‘அப்பா, எங்க வீட்டையும் ஃபிரேம் போட்டு மாட்டுங்க’ன்னா.

செபாஸ்டின்: மாட்டுனீங்களா?

கபிரியேல்: …இடம் இல்ல.

சிசிலி: நாலு சுவரு இருக்கு.

கபிரியேல்: நீ சும்மா இரியேன்.

சிசிலி: எங்கப்பாவுக்குத்தான் பெரிய கஷ்டம். அவருக்குச் செடிக்கு மருந்து அடிக்கிற வேலை. கம்பளியச் சுத்திக்கிட்டு, அட்டை கடிச்ச ரத்தத்தோட லயத்துக்குள்ள வருவாரு. அம்மா சுவத்தக் காட்டி, ‘அந்த மனுசன் எப்படி வீட்டுக்கு வாரான் பாரு’ம்பா. அவரும் சோத்துத் தட்டோட திரும்பிப் பாப்பாரு. ஒருநாள் கேட்டாரு, ‘இவன் எந்த டிவிசன்ல வேலை பாக்கான்? கை இம்புட்டுச் சுத்தமா இருக்கே.’

கபிரியேல்: அப்பாவுக்கு வெளங்காது.

சிசிலி: அதுக்குப் பொறவு சுவத்துக்கு முதுகக் காட்டி உக்காந்துதான் சாப்பிட்டாரு. கடைசி வரைக்கும்.

கபிரியேல்: …அத எதுக்கு இப்ப, கடையில வச்சு.

செபாஸ்டின்: சரி, திருப்புறேன். பின்னட்டை பூரா பூஞ்சை புடிச்சிருக்கு…

கபிரியேல்: ஏ, ஏ. பின்பக்கம் எதுக்கு? கண்ணாடி முன்பக்கம்தான இருக்கு.

செபாஸ்டின்: ஆணி பின்னாடிதான அண்ணாச்சி இருக்கு. ஆணியைப் பிடுங்கி, அட்டையை எடுத்து, படத்தை எடுத்து…

கபிரியேல்: படத்த எடுக்காத.

செபாஸ்டின்: எடுக்காம?

கபிரியேல்: மேலாப்புல…

செபாஸ்டின்: மேலாப்புல கண்ணாடி மாட்டுற வித்தை எனக்குத் தெரியாது.

சிசிலி: அண்ணே, தூக்கிட்டுப் போயிருவோம். கண்ணாடி ஒடஞ்சது ஆண்டவர் சித்தம்னு அச்சன்கிட்டச் சொல்லிருவோம்.

கபிரியேல்: பித்தளைத் தகடு அடிச்சாச்சுட்டி. ‘எம் மலையின் புரவலர்களாகிய அமெரிக்கக் குடும்பம். படம் வழங்கியவர் திரு. கபிரியேல்.’ ஜூபிலி மலர்ல அச்சாயிருச்சு. ஆயர் வந்து தீர்த்தம் தெளிச்சு வெஞ்சரிக்கப் போறாரு. ஞாயித்துக்கிழமை புது ஹால்ல ஆணி மட்டும் தனியா நின்னா என் முகத்த எங்க வைப்பேன்?

சிசிலி: அந்த ஆணியில வை.

செபாஸ்டின்: எதுக்கு ரெண்டு பேரும் இப்படிப் பயப்படுறீங்க? பூ மாதிரி எடுப்பேன். படம்னா எனக்கு உசுரு. சின்ன வயசுல எங்க வீட்டுல ஒரு படம் கிடையாது, ஒரு புஸ்தகம் கிடையாது. காலண்டர்கூட மாட்ட விடமாட்டாரு எங்கப்பா.

கபிரியேல்: ஏன், பெந்தகோஸ்தா?

செபாஸ்டின்: இல்லை, காகிதம்னாலே ஆகாது. அவரும் உங்க எஸ்டேட்டுதான் அண்ணாச்சி. பங்களாவுல பட்லரா இருந்தாரு. சவரிமுத்து. கேள்விப்பட்டிருப்பீங்க.

கபிரியேல்: …தம்பி, கண்ணாடி வேண்டாம். வண்டிப்பெரியாறுல ஒரு கடை இருக்குல்லா, அங்க பாத்துக்கிடுதோம்.

செபாஸ்டின்: பாதி ஆணி பிடுங்கிட்டேனே.

கபிரியேல்: மீதி ஆணி போதும். குடு.

சிசிலி: சவரிமுத்து மாமா மகனா நீ?

செபாஸ்டின்: தெரியுமா அக்கா உங்களுக்கு?

சிசிலி: வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாரு. பித்தளைப் பொத்தான். எங்கம்மா பங்களா முத்தம் பெருக்கப் போவா. நாங்க ரெண்டு பேரும் கூடப் போவோம். பின்வாசல்ல வச்சு எங்களுக்கு ரொட்டி ஓரம் குடுப்பாரு. சில நாளு சர்க்கரை தடவி.

செபாஸ்டின்: அந்தக் கோட்டை நான் பாத்ததில்லை. போகும்போது உருவி வாங்கிட்டாங்களாம்.

கபிரியேல்: நேரமாச்சு சிசிலி. பஸ் போயிரும்.

சிசிலி: பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணிக்கூறு இருக்கு. நீ சொல்லு செபாஸ்டினு.

செபாஸ்டின்: என்னத்தச் சொல்ல? தொரசாணிக்கு அவங்க அக்கா அமெரிக்காவுல இருந்து புஸ்தகம் அனுப்புவாங்களாம். பளபளன்னு, பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம். தூசி தட்டி அடுக்குறது எங்கப்பா வேலை. ஒருநாள் பிரிச்சுப் பாக்குறாங்க, ஒண்ணுல ஒரு பக்கத்தைக் காணோம். கிழிச்சிருக்கு. யாரு தொடுவா? பட்லர்தான தொடுவான். மறுநாள் காலையில ஆள் எண்ணுற எடத்துல வச்சு, எல்லாரு முன்னாடியும் கேட்டிருக்காங்க. இவரு இல்லைன்னாரு. பொழுது சாயுறதுக்குள்ள லயத்தைக் காலி பண்ணுன்னுட்டாங்க.

சிசிலி: …ஒரு பக்கத்துக்கு.

செபாஸ்டின்: ஒரே பக்கத்துக்கு. பக்கத்தைக் கிழிக்கிறவன் நாளைக்குக் கரண்டியும் எடுப்பான்னு தொரை சொன்னாராம். வெள்ளிக் கரண்டி எடுத்திருந்தாக்கூட ஊருல ஒரு மதிப்பு இருந்திருக்கும் அக்கா. இது காகிதம். கம்பத்துக்குப் போனா அங்கயும் இங்கருந்து வந்தவங்க சொல்லிட்டாங்க. பேரே ‘பேப்பர்க் கள்ளன்’னு ஆயிருச்சு. என்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியாரே சொன்னாரு, நோட்டுப் புஸ்தகத்தைப் பத்திரமா வைங்கடா, பேப்பர்க் கள்ளன் மகன் வந்திருக்கான்னு.

கபிரியேல்: …பழைய கதை தம்பி. விட்டுரு.

செபாஸ்டின்: விட்டுட்டேன் அண்ணாச்சி. எங்கம்மாதான் விடலை. எண்பத்தி ரெண்டு வயசு. மேல வந்து ரெண்டு வருசம் ஆச்சு, இன்னும் இந்தக் கோயிலுக்குள்ள காலு வைக்கலை. ஞாயித்துக்கிழமை ஜூபிலிக்கு வாம்மான்னு காலையிலகூடக் கூப்பிட்டேன். பேப்பர்க் கள்ளன் பொண்டாட்டிக்கு எந்த பெஞ்சுடா போட்டிருக்காங்கன்னு கேக்குறா. அப்பா சாகும்போதுகூட அதையேதான் யோசிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. தொரசாணி பாத்தது ஒரு நாள். கிழிஞ்சது அதுக்கு முந்தி என்னைக்கோ. அந்த நாள் மட்டும் தெரிஞ்சாப் போதும், அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு சாட்சியோட சொல்லிருவேன்னு புலம்புவாரு. அது கிழிச்சவனுக்குத்தான தெரியும். …இந்தா, அட்டை வந்துருச்சு.

கபிரியேல்: மூடு.

செபாஸ்டின்: இப்பதான தொறந்தேன். என்னது, படத்தை மடிச்சு வச்சிருக்கு?

கபிரியேல்: மடிக்கலை.

செபாஸ்டின்: இடப்பக்கம் பாதியைப் பின்னாடி மடிச்சு, சோத்துப் பசை போட்டு ஒட்டியிருக்கு அண்ணாச்சி. இங்க பாருங்க, ஒரு பருக்கை அப்படியே காஞ்சு கெடக்கு.

சிசிலி: அப்படியே வச்சு மூடிரு செபாஸ்டினு.

செபாஸ்டின்: தானா பிரியுது அக்கா. அம்பது வருசத்துச் சோறு, எவ்வளவு நாள் பிடிக்கும்? …அட.

கபிரியேல்: பாக்காத.

செபாஸ்டின்: வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஃபிரிட்ஜ். ஆள் உசரம் இருக்கு. கதவு தொறந்து, உள்ள பல்பு எரியுது. முட்டை, பால்பாட்டில், பச்சையா தட்டுல என்னவோ தளதளன்னு… ஒரு முழுக்கோழி. நாய் பாக்குறது கோழியை.

சிசிலி: அஞ்சாவது மந்திரம் அதுக்குத்தான் போச்சு.

செபாஸ்டின்: ஃபிரிட்ஜுக்குக் கீழ இங்கிலீசுல இருக்கு. இருங்க, மூக்குக்கண்ணாடி போட்டுக்கறேன். ‘உங்கள் குடும்பம்… இத்தனை காலம்… காத்திருந்தது இதற்காகவே.’ விளம்பரம் அண்ணாச்சி. ஃபிரிட்ஜு விக்கிற விளம்பரம். இவங்க கும்பிடுறதே அந்தப் பொட்டியைத்தான்.

கபிரியேல்: ஐயோ ஆண்டவரே. இதென்ன சோதனை. இத்தனை வருசம் நாங்க… எங்கம்மா… எனக்கு எப்படித் தெரியும்…

செபாஸ்டின்: அண்ணாச்சி.

கபிரியேல்: என்ன?

செபாஸ்டின்: அதிர்ச்சி ஆகுறதுக்கு முந்தியே ‘பாக்காத’ன்னு சொல்லிட்டீங்க.

சிசிலி: மடிச்சது நாங்கதான். அண்ணன் பிடிச்சுக்கிட்டாரு, நான் சோத்தத் தேச்சேன். எனக்கு ஏழு வயசு. அவருக்குப் பதினொண்ணு.

செபாஸ்டின்: அம்மாவை ஏமாத்தவா? நல்ல பிள்ளைங்க போங்க.

சிசிலி: பொட்டி தெரிஞ்சா ஏதுன்னு கேட்டு அடி விழும். அதான் மடிச்சோம். அப்பயும் ‘ஏதுடா இந்தப் படம்’னு கேட்டுட்டா. இவரு வாயில என்ன வந்துச்சோ, ‘சாமியார் குடுத்தாரு, பால்பொடி அனுப்புற குடும்பம்’னு சொல்லிட்டாரு. அடிக்காம விட்டாப் போதும்னு நின்னோம். அவ விளக்கப் பொருத்தி வச்சு முட்டிபோட்டுட்டா.

கபிரியேல்: சிரிப்பா வந்துச்சு அப்ப.

சிசிலி: மொத நாள் சிரிச்சோம்.

செபாஸ்டின்: மறுநாள் சொல்லியிருக்கலாமே அக்கா.

சிசிலி: மறுநாள் சொன்னா அடி. நாலு நாள் கழிச்சுச் சொல்லலாம்னு பாத்தோம். அதுக்குள்ள…

கபிரியேல்: சிசிலி.

செபாஸ்டின்: அதுக்குள்ள?

கபிரியேல்: அதுக்குள்ள அம்மா பேரு வச்சிட்டா. யோசேப்பு, றோசம்மான்னு. பேரு வச்ச பொறவு எப்படிச் சொல்ல?

செபாஸ்டின்: சரி விடுங்க. என்னமோ கொலை பண்ணின மாதிரி ரெண்டு பேரும் நிக்கிறீங்க. சின்னப் பிள்ளைங்க சொன்ன பொய்யி. நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்? பழையபடி மடிச்சு, டேப் ஒட்டி, புதுக் கண்ணாடி போட்டுத் தந்துர்றேன். ஞாயித்துக்கிழமை ஆயர் வந்து வெஞ்சரிச்சுட்டுப் போகட்டும். கோழிக்கும் சேத்து ஆசீர்வாதம்.

கபிரியேல்: தம்பி… நீ தங்கம். தங்கம்னா தங்கம். உம் பேரையும் ஜூபிலி மலர்ல, அடுத்த பதிப்புல…

சிசிலி: அண்ணே.

கபிரியேல்: நல்லபடியா முடியட்டுமேட்டி.

சிசிலி: நான் கையத் தெரிஞ்சுதான் விட்டேண்ணே. சாமான் ஒடஞ்சா வெளிய போகாதுன்னு பாத்தேன். இப்ப வந்து நிக்கிற எடத்தப் பாரு. இதுக்கு மேலயும் மடிக்கணுமா?

செபாஸ்டின்: இந்த ஓரம்தான் அசிங்கமா இருக்கு. ஒரே கோணலா கிழிச்சிருக்கு. வெட்டி நேராக்கிடட்டா?

கபிரியேல்: வெட்டு. வெட்டு. நல்லா உள்ளாற விட்டு வெட்டு.

செபாஸ்டின்: மேல பக்க நம்பர் வேற… நாப்பத்தி மூணு. கெட்டிக் காகிதம். பளபளன்னு…

கபிரியேல்: வெட்டு தம்பி.

செபாஸ்டின்: அண்ணாச்சி, இது புஸ்தகத்துல இருந்து கிழிச்சது.

கபிரியேல்: இருக்கலாம்.

செபாஸ்டின்: அமெரிக்காப் புஸ்தகம்.

கபிரியேல்: அந்தக் காலத்துல எல்லா இடத்துலயும்…

செபாஸ்டின்: எந்த லயத்துல இருந்துச்சு அமெரிக்காப் புஸ்தகம்? உங்க வீட்டுக்கு இது எப்படி வந்துச்சு?

கபிரியேல்: தபால்ல…

செபாஸ்டின்: கிழிஞ்சா?

கபிரியேல்: நான் என்ன சொல்ல வாரேன்னா… வரலாற்றுச் சிறப்பு மிக்க இந்த ஜூபிலி நாளிலே, எளியவனாகிய நான்…

சிசிலி: இங்க மைக்கு இல்லண்ணே.

செபாஸ்டின்: அக்கா, நீங்க சொல்லுங்க.

சிசிலி: நான் சொன்னாப் பத்தாது செபாஸ்டினு. உங்கப்பாவ ஆள் எண்ணுற மஸ்டர்ல நிறுத்திக் கேக்கும்போது நாங்க ரெண்டு பேரும் பால்பொடிக் கோப்பையோட படியில உக்காந்திருந்தோம். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவரு ‘இல்லைங்க தொரை, இல்லைங்க தொரை’ன்னாரு. எனக்குப் பேச வந்துச்சு. அண்ணன் தொடையில கிள்ளுனாரு. லயத்தக் காலி பண்ணும்போது உங்கம்மா உன்ன முந்தானையில போட்டுக் கட்டியிருந்தா. எங்கம்மா சுவத்தப் பாத்து மந்திரம் சொல்லிக்கிட்டு இருந்தா, நல்ல குடும்பம் எப்படி இருக்கும்னு பாருங்கடான்னு. நாங்களும் முட்டிபோட்டுச் சொன்னோம்.

செபாஸ்டின்: அண்ணாச்சி. எதுக்குக் கிழிச்சீங்க?

கபிரியேல்: …அந்த வீட்டுல எல்லாரும் ஒண்ணா நின்னு ஒரே பக்கமாப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் அப்படி ஒரு வீட்டப் பாத்ததில்ல. ஒரு நாள் வச்சிருந்து பாத்துட்டு, திரும்பக் கொண்டுபோய்ச் சொருகிரலாம்னுதான்…

செபாஸ்டின்: சொருகலை.

கபிரியேல்: அதுக்குள்ள ஒட்டியாச்சு.

செபாஸ்டின்: கத்திரிய நான் கீழ வச்சுட்டேன். படம் உங்களுது, எடுத்துட்டுப் போறதுன்னா போங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். என்னைக்கு அது?

கபிரியேல்: நாள் யாருக்கு ஞாபகம் இருக்கும் தம்பி. அம்பத்தெட்டு வருசம்…

சிசிலி: அண்ணே. உனக்கு ஞாபகம் இருக்கு. பங்களாவுல ஆளில்லாத நாளுன்னு என்கிட்டச் சொல்லித்தான உள்ள போன.

கபிரியேல்: பித்தளைத் தகடு அடிச்சாச்சுட்டி…

செபாஸ்டின்: எங்கம்மா மேல வீட்டுலதான் இருக்கா அண்ணாச்சி. இப்பப் போயி நான் அவகிட்ட என்ன சொல்லட்டும்?

கபிரியேல்: …கிழிச்சது நான்னு சொல்லு. உங்கப்பா அன்னைக்கு லீவு, உனக்கு ஞானஸ்நானம்.